மூன்றாம் வளைவு

மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதுகிறேன். என்னைக் கைக்குழந்தையாகப் பார்த்திருப்பீர்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நூலகச் சுவரில், அணைக்குள் முழுகிப்போன நம் ஆற்றின் கதையை வரையச் சொல்லியிருக்கிறார்கள். ஆற்றின் ஏழு வளைவுகளையும், குடும்பத்துக்கு ஒரு வளைவின் கதையாக, ஏழு குடும்பத்துப் பெண்களும் வரைந்துவிட்டோம். நம் குடும்பத்தின் மூன்றாம் வளைவை அப்பா சொன்னபடி நான் வரைந்தேன். நாரை ஆற்றைப் பறந்து கடக்கிறது. இருபத்தெட்டாம் தேதி திறப்பு. அவசியம் வாருங்கள்.

தம்பி மகள்

மார்ச் 9

தம்பி மகளுக்கு,

தையல் மிஷினை நிறுத்திவிட்டு உன் கடிதத்தைப் படித்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. காரியம்தான் சரியில்லை.

யாரைக் கேட்டு வரைந்தாய்? வளைவின் கதை, வீட்டின் மூத்த மகளுக்குரியது. அவள் நான். வெளியாளைக் கட்டிக்கொண்டேன் என்று, “உனக்கு இனி ஆறு இல்ல, போ” என்றான் உன் அப்பன். போய்விட்டேன். கதையை மட்டும் அவனிடம் கொடுக்கவில்லை. அதனால்தான் உன் வீட்டுத் துரை நாரையைப் பறக்கவிட்டிருக்கிறார்! நாரை நடந்துதான் கடந்தது. ஏன் நடந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

நான் வரவில்லை. சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை

மார்ச் 15

அன்புள்ள அத்தைக்கு,

கேட்காமல் வரைந்தது தப்பு. சுண்ணாம்பு பூசி அழித்துவிட்டேன்.

நூலகர் பதறிப்போனார். “நடுவுல பொத்தல் மாதிரி இருக்கேம்மா, நீலத்தை அடிச்சு மூடிடேன்” என்றார்.

“அது பெயின்ட்டால மூடாது சார். ஆள் வரணும்” என்றேன்.

வீட்டில் அப்பா குதித்தார். “அவதான் எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிட்டாளே!”

“விட்டுட்டுப் போகலப்பா. எடுத்துட்டுப் போயிருக்காங்க.”

அப்பாவை நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. சொல்லிவிட்டுக் குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வெளியே வந்தபோது அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். “எப்படி இருக்காளாம்?” என்று மட்டும் கேட்டார்.

நீங்கள் வராவிட்டால் அந்த இடம் வெள்ளையாகவே திறக்கப்படும். யாராவது கேட்டால், இது எங்கள் அத்தையுடையது என்று நானே வாய் திறந்து சொல்வேன்.

தம்பி மகள்

மார்ச் 21

என் ஊமைக்கோட்டானுக்கு,

நான்கு நாள் லீவு கேட்டேன். முதலாளியம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். “பதினாறு வருஷத்துல லீவே கேட்டதில்லையே, என்ன விசேஷம்?”

“ஒரு சுவத்துல வேலை இருக்கு.”

“நீ தையக்காரியாச்சே?”

“அது இங்க. அங்க நான் மூணாம் வளைவுக்காரி.”

கடையே திரும்பிப் பார்த்தது. காஜா எடுக்கும் பெண் மட்டும், “அப்படின்னா என்னக்கா?” என்றாள். மதியச் சாப்பாடு முடியும்வரை நாரைக் கதையைச் சொன்னேன். ஒரு வரி மறக்கவில்லையடி!

இருபத்தைந்தாம் தேதி காலை பஸ்ஸில் வந்து இறங்குவேன். எனக்கு உயரம் என்றால் தலை சுற்றும். உன் அப்பனை வந்து ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்.

உன் அத்தை