பின்கட்டுக் குடித்தனம்

திண்டிவனம்,
12-8-1961

அன்பு கோதண்டபாணி,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த உன்னிடம் ஒரு சந்தேகம். என் வீட்டுப் பின்கட்டில், மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை நிறுக்கும் விருத்தாசலத்தைக் குடி வைத்திருக்கிறேன். மனைவி செண்பகத்தை அடிக்கிறான். இடையில் ஒரே சுவர். முந்தாநாள் கதவைத் தட்டிக் கேட்டேன். "வூட்டைத்தானே வாடகைக்கு வுட்டீங்க, வாத்தியாரே? உள்ள நடக்கிறதும் உங்களுதா?" என்று சிரித்தான். நேற்று அவள், "இனிமே கேக்காதீங்க ஐயா. நீங்க கேட்டதுக்கும் சேத்து வாங்கிக்கினேன்" என்றாள்.

வீட்டுக்காரன் இதற்குப் போலீசுக்குப் போகலாமா? அதிகப்பிரசங்கித்தனமோ? புகார் ஒன்று எழுதி இணைத்திருக்கிறேன். திருத்தி அனுப்பு.

உன்,
சக்கரபாணி

விழுப்புரம்,
16-8-1961

சக்கரபாணிக்கு,

வலி அப்படியேதான். உள்ளே சாராயம் காய்ச்சினால் போ. திருட்டுச் சாமான் வைத்தால் போ. புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் போனால் ஸ்டேஷனில் உன்னைத்தான் கேலி செய்வார்கள். காலி செய்யச் சொல். வேறு தெருவில் அடித்துக்கொள்ளட்டும்.

போயே தீருவாய் என்றால் தேதிகள் வேண்டும். 'அடிக்கடி' என்று எழுதியிருக்கிறாய். காலண்டரில் அப்படி ஒரு நாள் கிடையாது.

கோதண்டபாணி

திண்டிவனம்,
24-8-1961

கோதண்டபாணி,

நீ திருத்திய புகார் வெள்ளிக்கிழமை வந்தது. தேதிகளை எழுத உட்கார்ந்தேன். அவன் அடித்த ஏழு நாட்களில் நான்குதான் உறுதியாகத் தெரிந்தன. தெரியாததை எழுதக் கூடாதே என்று ஞாயிறுவரை யோசித்தேன்.

திங்கள் காலை செண்பகம் கிணற்றில் மிதந்தாள்.

"சண்டை சச்சரவு ஏதாச்சும் காதுல வுழுந்துச்சா, பெரியவரே?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பக்கத்தில் விருத்தாசலம் நின்றான். ஆமாம் என்றால், ஏன் முன்பே வரவில்லை என்பார்களே. இல்லை என்றேன். பிரேத விசாரணைக்கு என்னையும் சேர்த்து உட்கார வைத்த பஞ்சாயத்தார் ஐந்து பேரில் என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும் என்று அறிக்கையை என்னையே எழுதச் சொன்னார்கள். தண்ணீர் இறைக்கும்போது கால் இடறியது என்று எழுதினேன். நெற்றிக் காயம் கிணற்றுக் கல் பட்டது என்றும் எழுதினேன்.

புகாரையும் உன் பதிலையும் பயத்தில் அடுப்பில் போட்டுவிட்டேன்.

சக்கரபாணி

திண்டிவனம்,
2-1-1962

அன்பு கோதண்டபாணி,

நான்கு மாதமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

விருத்தாசலம் இன்று வந்தான். "தை பொறந்ததும் அனந்தபுரத்துலேர்ந்து பொண்ணு எடுக்கிறேங்க. பின்கட்டுக்கு ஜல்தியா சுண்ணாம்பு அடிச்சுக் குடுங்க" என்றான். காலி செய் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் அந்தப் பெண்ணை வேறு வீட்டுக்குத்தானே கூட்டிப் போவான்?

ஆகஸ்டில் நான் எழுதிய கடிதங்கள் உன்னிடம் இருக்கும். முதல் கடிதம் அவள் சாவதற்கு முன்பே எழுதியது என்பதற்குத் தபால் முத்திரை சாட்சி. உடனே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு. இன்ஸ்பெக்டரிடம் கொடுக்கப் போகிறேன்.

உன்,
சக்கரபாணி

விழுப்புரம்,
5-1-1962

அன்பு சக்கரபாணி,

கடிதங்கள் இல்லை. அறிக்கையைப் பற்றி நீ எழுதியதைப் படித்த அன்றே எல்லாவற்றையும் எரித்துவிட்டேன். போலீஸ் கைக்குப் போனால் முதலில் மாட்டுவது நீ. அடுத்து, போகாதே என்று எழுதிய நான். இந்த வயதில் நமக்கு எதற்குப் பேஜார்? சுண்ணாம்பை அடித்துக் கொடுத்துவிட்டு, பொங்கலுக்கு இங்கே வா. உன் நன்மைக்குத்தான் செய்தேன்.

கோதண்டபாணி

திண்டிவனம்,
9-1-1962

கோதண்டபாணி,

அனந்தபுரம் போய்வந்தேன். பெண்ணின் தகப்பனார் முத்துசாமியிடம் எல்லாம் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு காகிதம் எடுத்து வந்தார். என் அறிக்கையின் நகல்.

"மொத பொண்டாட்டி எப்படிச் செத்தான்னு கேட்டதுக்கு மாப்பிள்ளை இத்தக் குடுத்தாருங்க. வூட்டுக்கார வாத்தியாரே எழுதியிருக்காருன்னுதான் ஒத்துக்கினோம். இப்ப வந்து வேற சொல்றீங்க. எதுங்க நெசம்?"

இப்போது சொல்வதுதான் என்றேன். "மாப்பிள்ளை உங்களுக்கு வாடகை பாக்கி எதுனா வச்சிருக்காருங்களா?" என்று கேட்டார்.

பெண்ணின் பெயர் பொன்னி. பத்தொன்பது வயது இருக்கும். வெயிலில் வந்தேன் என்று மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நாளைக் காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன். அறிக்கையில் எழுதியது பொய், தெரிந்தே எழுதினேன் என்று சொல்வேன். என்னைப் பிடித்து வைத்தால் ஏன் என்று கேட்கவாவது முத்துசாமி வருவார். பயமாகத்தான் இருக்கிறது.

பதில் எழுத வேண்டாம்.

சக்கரபாணி