இருபத்தாறு டிகிரி

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் எண்ணெய்க் கிடங்கின் ஆறாம் தொட்டி மண்ணெண்ணெய் இருபத்தாறு டிகிரியிலேயே பற்றிவிட்டது. முப்பத்தைந்துக்குக் கீழே பற்றக் கூடாது. மாதிரியைக் குளிரவைத்து, கிண்ணத்தை மூடி, டிகிரிக்கு ஒரு முறை சின்னச் சுடரை உள்ளே காட்டினேன். இருபத்தாறில் 'பப்' என்று ஒரு நீலம். மூன்று முறை பார்த்தாயிற்று. பெட்ரோல் கலந்திருக்கிறது.

மேலாளர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "நாப்பதுன்னு எழுதிடும்மா. லோடு போகணும்" என்றார்.

"எழுத மாட்டேன் சார்."

பதினோரு வருடத்தில் அவரிடம் 'மாட்டேன்' சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்னபின் வாய்க்கு அது பிடித்துப்போயிற்று.

மார்ச் 5

காலையில் கணவர்: "ஊரோட ஒத்துப் போயேன். ஒரு நம்பர்தானே?"

நம்பர்தானா? இதை அடுப்பில் ஊற்றுகிறவள் தீக்குச்சியைக் கிழிக்கும்போது அவள் முகம் அடுப்புக்கு மேலேதான் இருக்கும். சொன்னேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். போகட்டும்.

மேலாளரை ஆய்வகத்துக்கே கூட்டிவந்தேன். இந்த முறை திறந்த கிண்ணம்; ஆவி கலைவதால் கொஞ்சம் கூடுதல் சூட்டில்தான் பற்றும். முப்பதில் பளிச்சென்று பற்றி அணைந்தது. முப்பத்துமூன்றில் பற்றியது அணையவே இல்லை. மூடியைப் போட்டு நான்தான் அணைத்தேன்.

"வெளிய வெயில் முப்பத்தேழு சார். நாப்பதுன்னா நீங்களே கையெழுத்துப் போடுங்க."

பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

மார்ச் 6

என்னை வாசல் பதிவேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். போகிற வண்டி, வருகிற வண்டி எழுத வேண்டுமாம். எனக்கா தண்டனை? கலந்தவன் காலாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான், நான் வெயில்ல நிக்கணுமா? நிக்கறேன். பாத்துடலாம்.

அறிக்கையில் சரக்குக் கணக்குப் பார்க்கும் கிடங்குக்காரர் கையெழுத்து. நாற்பதாம்! அவருக்கு வெப்பமானியை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாது.

பதினோரு மணிக்கு முதல் லாரி வாசலுக்கு வந்தது. ஓட்டுவது வழக்கமாக வரும் மீசைக்காரர்.

"அண்ணே, ஆறாம் தொட்டியா?"

"ஆமா. ஏம்மா?"

"அது இருபத்தாறுல பத்துது. நானே பாத்தேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். பின்னால் நான்கு லாரிகள் ஹாரன் அடித்தன. அவர் போய் ஒவ்வொருவரிடமும் பேசினார். ஹாரன் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

மார்ச் 7

ஐந்து லாரியும் நின்ற இடத்திலேயே.

மார்ச் 10

மேலாளர் வாசலுக்கே வந்தார். "உன் கையெழுத்து இல்லாம எடுக்க மாட்டாங்களாம். தூண்டிவிட்டது நீதானே?"

"உள்ளதைச் சொன்னேன் சார்."

"சரி, ஆய்வகத்துக்கு வா."

"வாயால சொன்னா வர மாட்டேன். எழுதிக் குடுங்க. தொட்டிக்கும் சீல் வைங்க."

 பேனாவை மூடிப் பதிவேட்டின் மேல் வைத்தேன்.

மார்ச் 14

எழுத்தில் உத்தரவு வந்தது, ஆய்வகத்துக்குத் திரும்பிவிட்டேன். தொட்டிக்கும் சீல் வைத்தாயிற்று. அதற்கு முன் ஐந்து வண்டிச் சரக்கையும் திரும்ப அதிலேயே இறக்கிவிட்டார்கள். லாரிகள் நின்றது தெரிந்து தலைமை அலுவலகமும் மாதிரி வாங்கித் தனியாகச் சோதித்துப் பார்த்ததாம்: இருபத்தைந்தரை. நான் அரை டிகிரி தாராளமாக எழுதியிருக்கிறேன்!

மார்ச் 19

புதுச் சரக்கு வந்தது. இரண்டாம் சோதனைக்கு மாதிரி குளிர்ந்துகொண்டிருந்தபோது மேலாளர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"எவ்வளவும்மா?"

"இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றேன் சார். உக்காருங்க."

உட்கார்ந்தார்.