கம்ப்யூட்டரை நிறுத்தாதே

நந்தினி,

காவேரிப்பாக்கம் கல்யாணத்துக்குப் புறப்பட்டுவிட்டேன். கீரைக் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிடு.

பரணில் கிடந்த கம்ப்யூட்டரை சர்வராக்கி, ஊர்த் திருவிழாப் படங்களை இன்டர்நெட்டில் எவரும் பார்க்கும்படி வைத்தாய். "கண்டவனும் நம்ம வூட்டுக்குள்ள வர்றதா? காலையில புடுங்கிப் போடு" என்று நேற்றுக் கத்தினேன். பிடுங்காதே.

விடிந்ததும் உன் சூரியபிரகாஷ் மாமா மஸ்கட்டிலிருந்து பேசினான். "மாமா, தேரப் பாத்துட்டேன். உங்க வூட்லேர்ந்தே வருதாமே!" என்று அழுதான்.

அந்தப் பெட்டிமுன் போய் நின்றேன். கடலுக்கு அப்பாலிருந்து கேட்டவனுக்கு நம் கூடத்திலிருந்து பதில் போயிருக்கிறது. தோளில் கிடந்த துண்டு எப்போது கைக்கு வந்ததென்று தெரியவில்லை.

நம் வீடு தேடி வருகிறவன் கதவு சாத்தியிருக்கிறதென்று திரும்பினால் நமக்குத்தான் அவமானம்.

அப்பா

பி.கு.: கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் இனி என் ஃபேன் வேண்டாம், அந்தக் கம்ப்யூட்டர் ஓடட்டும். நான் விசிறிக்கொள்கிறேன்.