அழுத்தம் இறங்கியதற்குப் பேடா

அக்கா, இன்று காலை ஔந்த் ஆஸ்பத்திரியில் சிவப்பு மூடி போட்ட ஒரு சொட்டு மருந்தை என் கையில் கொடுத்தார்கள். உன் தாபோடி வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் நின்றிருந்த அதே மருந்து, கண்மணியை விரித்து வைப்பது. ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அதை எப்போது கொடுப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா நமக்கு விட்டுப்போன ஒரே சொத்து இந்தக் கண் அழுத்தம்தான் என்று சிரிப்பாய். ஃபேக்டரி வேலையில் இருக்கும்போதே அவருக்கு ஒரு கண் போய்விட்டது. அதனால் நம் வீட்டில் நல்ல செய்தி என்றால் எண் இறங்கியிருக்கிறது என்பதுதான். ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஃபோன் போடுவாய். "இறங்கிடுச்சுடி" என்றால் அன்றைக்கு உன் குரலே வேறு. ஏறியிருந்தால் ஃபோனே வராது.

மருந்துக்கு அடங்காமல் போனபோது உனக்கு ஆபரேஷன் செய்தார்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேற, வெள்ளைப் பகுதியில் ஒரு சின்ன வழி. அடுத்த வாரம் பார்த்தால் அழுத்தம் நாலு. அவ்வளவு கீழே நம் குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை. ரொம்பவே இறங்கிவிட்டது, இந்தக் கண்ணுக்குப் பழைய சொட்டு மருந்து வேண்டாம், பார்வை மாறினால் உடனே வாருங்கள் என்று டாக்டர் இந்தியில் சொன்னார். இறங்கிவிட்டது என்ற இடத்திலேயே உன் காது நின்றுவிட்டது. வழியில் இனிப்புக் கடையில் ரிக்‌ஷாவை நிறுத்திப் பேடா வாங்கினாய். பில்டிங் முழுக்கக் கொடுத்தாய். கீழ்வீட்டு மராத்திக்காரக் காக்கு உனக்குத் திருஷ்டி கழித்தாள். நானும் இரண்டு பேடா தின்றேன்.

பழைய மருந்தையும் நீ விடவில்லை. "இத்தனை வருஷம் காப்பாத்தின மருந்த எப்படிடி விடறது?" என்று பின்னால் என்னையே கேட்டாய்.

அந்த வாரக் கடைசியில் நான் வந்தபோது மற்றக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டு டீ போடப் போனாய். டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினாய்.

"என்னக்கா ஆச்சு?"

"காஹி நாஹி."

ஒன்றுமில்லையாம். பயம் வந்தால் உனக்கு மராத்தி வந்துவிடும். மேடையைத் துடைத்துக்கொண்டே அப்புறம்தான் சொன்னாய்: "கம்பியெல்லாம் நெளியுதுடி. நாலு நாளா இப்படித்தான். எல்லாருக்கும் பேடா குடுத்துட்டேனே, இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது?"

இழுத்துக்கொண்டு போனேன். பத்துக்கு மேலாவது இருக்க வேண்டிய அழுத்தம் இப்படி விழுந்ததில், காற்று இறங்கிய சைக்கிள் டியூப் மாதிரி கண் தளர்ந்துவிட்டது, உள்ளே விழித்திரையில் சுருக்கம் விழுந்திருக்கிறது, அதனால்தான் கோடு நெளிகிறது என்றார் டாக்டர். வைத்த வழியில் தேவைக்கு மேல் நீர் போகிறது. போதாததற்கு நீ விட்டுக்கொண்டிருந்த மருந்து, ஊறுவதையும் குறைத்துவிட்டது. தையல் ஓரத்தில் கசிகிறதா என்று மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார், கசியவில்லை. கண்ணில் அடிபட்டாலோ உள்ளே அழற்சி வந்தாலோகூட இப்படி ஆகுமாம். பழைய மருந்தை நிறுத்தி, சிவப்பு மூடியையும் அழற்சிக்கு ஒரு சொட்டையும் கொடுத்தார். குனியாதே, வாளி தூக்காதே, முக்காதே என்றார். அப்படியும் ஏறாமல் போகவே, மறுபடி தியேட்டருக்கு அழைத்துப் போய் இன்னொரு தையல் போட்டு வழியைச் சுருக்கினார்கள். எண் ஏறியது. கம்பிகளும் நேராயின. ஆனால் வாசற்கதவு மட்டும் உனக்குக் கடைசிவரை கொஞ்சம் புடைத்தே தெரிந்தது. "கதவுக்குத் தொப்பை" என்பாய். முன்னாலேயே வந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னதை நீ யாரிடமும் சொல்லவில்லை. போன மழைக்காலத்தில் உன் நெஞ்சு நின்றுபோனது. கண் கடைசிவரை உனக்கு உதவியது.

இப்போது என் முறை. ஆபரேஷன் ஆகி ஒரு வாரம். இன்று எண் மூன்று. இதுதான் எனக்கு இருக்கும் நல்ல கண், அக்கா. மற்றதில் ஓரமெல்லாம் எப்போதோ இருண்டுவிட்டது. கோடு வளைந்தால் அன்றைக்கே வரச் சொல்லி, டாக்டர் எனக்கும் சிவப்பு மூடியை எழுதினார். மகள் அப்போது வராந்தாவில் ஆபீஸ் ஃபோனில் இருந்தாள். காரில் ஏறியதும்தான் கேட்டாள்.

"மம்மி, எவ்ளோ?"

"மூணு."

"மூணா! கம்மின்னா நல்லதுதானே?"

நான் பதில் தேடுவதற்குள், சிக்னலில் நின்றபடியே குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். வீடு போய்ச் சேர்வதற்குள் என் ஃபோன் முழுக்கப் பூவும் கும்பிடும் கைகளும். ஒரு வாரமாகச் சரியாகத் தூங்காத பெண், இன்றுதான் சிரித்தாள். நானும் குரூப்பில் ஒரு கும்பிடு போட்டுவிட்டேன்.

மத்தியானம் பால்கனியில் உட்கார்ந்து மற்றக் கண்ணை மூடினேன். எதிர் பில்டிங்கின் கைப்பிடிக் கம்பி நடுவில் வளைந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். வளைந்துதான் இருந்தது. இது நேராகவே ஆகாவிட்டால்? மகளின் முகமும் இனி இப்படித்தான் தெரியுமா? இத்தனை பேர் வாழ்த்தியிருக்கிறார்களே, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாமே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. நீ எப்படி நாலு நாள் அந்த ஜன்னல் எதிரே உட்கார்ந்திருந்தாய் என்று அப்போதுதான் புரிந்தது.

எழுந்து போய் மகளிடம் சொன்னேன். "கோடு வளையுதும்மா. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. இப்பவே போகணும்."

"மூணுன்னு சொன்னியே மம்மி..." என்று ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு விரலால் எழுதுகிறேன். தையல் போட வேண்டியிருக்கலாம், இன்னொரு முறை அளந்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார் டாக்டர். இத்தனை வருஷம் இறங்கட்டும் என்று வேண்டிய வாய்க்கு, ஏறட்டும் என்று வேண்ட வரமாட்டேன் என்கிறது. உன் பயத்தைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன், அக்கா. நீ அதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தாய். நான் சொல்லிவிட்டேன். மகள் என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.