மோட்டாருக்குள் இருந்த பஞ்சாமிர்தம்

நாகல்நகர்,
திண்டுக்கல்,
14-3-1963.

அத்தான் அவர்களுக்கு சிவனம்மாள் எழுதுவது.

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டுமாம். கோயம்புத்தூரில் உங்கள் அண்ணன் வீட்டில் மூன்று வேளையும் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு நலத்தில் என்ன குறை வந்துவிடப் போகிறது? நானும் பாப்பாவும் இருக்கிறோம். அது போதும்.

நேற்று ஒரு போலீஸ்காரர் வீடு தேடி வந்தார். நம் வாடகை வேனில் எஞ்சினைக் கிளப்புகிற நல்ல ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டு, அதற்குப் பதில் கெட்டுப்போன ஒன்றை மாட்டி வைத்தான் என்று என் தம்பி சுருளிவேல் மேல் நீங்கள் எழுதிக் கொடுத்த மனுவைப் பற்றிச் சொன்னார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவன் ஸ்டேஷனில் இருக்க வேண்டுமாம். மனுக் கொடுத்தவரே நேரில் வந்து திரும்பப் பெற்றுக்கொண்டால்தான் ஆயிற்று, இல்லாவிட்டால் அன்றைக்கே உள்ளே வைத்துவிடுவார்களாம். இப்படி ஒரு காரியம் செய்துவிட்டு ரயில் ஏறியிருக்கிறீர்கள். கட்டினவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

கல்யாண வீட்டுக்காரர்கள் ஏறி உட்கார்ந்த பிறகு வேன் கிளம்பவில்லை, கொடைரோட்டில் அவர்களுக்கு ரயில் தவறிவிட்டது, நீங்கள் பேச்சு வாங்கினீர்கள். எல்லாம் வாஸ்தவம். அதற்காக ஸ்டாண்டில் அத்தனை டிரைவர்களும் பார்க்க அவனைச் செருப்பால் அடிப்பதா? “நான் தொடவே இல்ல மச்சான், ஆத்தா மேல சத்தியம்” என்று அழுதானாம். “களவாணிப் பயலே” என்று இன்னும் இரண்டு வைத்தீர்களாம். முந்தின வாரம் அவன் தனியாக வேடசந்தூர் வரை வேனை ஓட்டிப் போனான், அந்த ஒன்றுதான் உங்களுக்குச் சாட்சி.

எனக்கு மனசு ஆறவில்லை. பட்டறைக்காரர் இருதயநாதனை வீட்டுக்கே கூப்பிட்டு, தள்ளிக்கொண்டுவந்து வாசலில் போட்டிருந்த வேனைப் பார்க்கச் சொன்னேன். ஊர் என்ன பேசினாலும் பேசட்டும் என்று நானே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். விளக்கைப் போடச் சொன்னார், பளிச்சென்று எரிந்தது. பட்டனை அமுக்கச் சொன்னார், டக்கென்று ஒரு சத்தம், விளக்கு மங்கிப் போனது. “பேட்டரி மேல குத்தம் இல்ல தங்கச்சி, மோட்டாருதேன் உள்ள இறுகிக் கெடக்கு” என்றார். முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றினாலும் எஞ்சின் அசையவில்லை. கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார், அதற்கும் விடவில்லை. இரண்டு போல்ட்டைக் கழற்றி மோட்டாரைக் கீழே இறக்கினார். இறக்கினதும் ஹேண்டில் லேசாகச் சுற்றியது. கோளாறு எங்கே என்று எனக்கே புரிந்துவிட்டது.

மோட்டாரைப் பிரித்தார். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? பசை மாதிரி கறுப்பாக ஒன்று, அதில் செத்த எறும்புகள், நாலைந்து திராட்சை, கரையாத ஒரு கல்கண்டு. அவர் மோந்து பார்த்துவிட்டு, “என்ன தங்கச்சி, வண்டிக்குப் பலகாரம் ஊட்டுறீகளா?” என்று கேட்டார். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

தைப்பூசம் முடிந்து பழனியிலிருந்து வந்த அன்று டப்பாவைத் திறந்து, “வண்டிக்குத்தேன் மொத வாய்” என்று பஞ்சாமிர்தத்தை அள்ளி எஞ்சின் மேல் அப்பியது யார்? பாப்பா கையை நீட்டினாளே, அவளுக்குக்கூட அப்புறம்தான் கொடுத்தீர்கள். நானும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன், அந்தப் புத்திகெட்டதனத்தில் எனக்கும் பங்கு உண்டு. எஞ்சின் சூட்டில் அது உருகி, மூடி கழன்று விழுந்திருந்த மோட்டாருக்குள் இறங்கி, பல்சக்கரத்தை எஞ்சினை விட்டு விலகவிடாமல் பிடித்துக்கொண்டது. அது தெரியாமல் நீங்கள் ஆத்திரத்தில் பட்டனை விடாமல் அமுக்கி, உள்ளே இருந்த கம்பிச்சுருளையும் கருக்கிவிட்டீர்கள்.

சுருளி மாற்றி வைத்த மோட்டார் என்றால் அதற்குள் நம் வீட்டுப் பிரசாதம் எப்படிப் போயிற்று? பதில் சொல்லுங்கள். மோட்டாரை அப்படியே துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

இருதயநாதன் தம் பட்டறையில் கிடந்த ஒரு பழைய வேனிலிருந்து அதே மாதிரி மோட்டாரைக் கொண்டுவந்து, பல்லை எண்ணிச் சரிபார்த்து, மூடியும் போட்டு மாட்டினார். நான் ஒரே அமுக்குத்தான் அமுக்கினேன், எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்பா வந்துவிட்டார் என்று பாப்பா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். சீட்டில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிப் போயிற்று. அந்த முகத்துக்காகவும் உங்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் கன்னிவாடிக்குப் போய்ச் சுருளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தேன். “நீ ஸ்டேஷனுக்கு வராதக்கா. மச்சானுக்கு எதிரா நீ வாயத் தொறந்தா அம்புட்டுத்தேன், குடும்பம் ரெண்டாப் போயிரும். நானே போயிட்டு வாரேன்” என்றான். நீங்கள் அடித்த அடி இன்னும் கன்னத்தில் தெரிகிறது. அதோடுதான் உங்களுக்காகப் பேசுகிறான். நான் அவனைப் போல நல்லவள் இல்லை. திங்கட்கிழமை நீங்கள் வராவிட்டால் அந்த மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷன் மேஜை மேல் வைப்பேன். பஞ்சாமிர்தக் கதையை ஒரு எழுத்து விடாமல் சொல்வேன். அப்புறம் ஸ்டாண்டில் தலைநிமிர்ந்து நிற்பது உங்கள் சாமர்த்தியம்.

இன்னொன்று. பங்குனி கடைசியில் பாப்பாவுக்குக் காது குத்த நாள் பார்த்தது நீங்கள்தான். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே ஒரு தாய்மாமன். அவனைத் திருடனாக்கிவிட்டு யார் மடியில் அவளை உட்கார்த்துவீர்கள்?

வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. வந்தால், முதலில் ஸ்டேஷன், அடுத்து கன்னிவாடி. அவனிடம் தப்பு என்னுடையது என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டுப் பிறகு இந்த வீட்டுக்கு வாருங்கள். எந்நேரமானாலும் உங்களுக்குச் சோறு எடுத்து வைத்திருப்பேன்.

கடவுள் உங்களுக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
சுருளிவேலின் அக்கா
சிவனம்மாள்.