திரைக்கு உள்ளிருந்து சொன்ன பதில்

என் அருமை மச்சானுக்கு,

அல்லாஹ் உங்கள் மண்ணறையைக் குளிர வைக்கட்டும்.

நான் இத்தாவில் இருக்கும்போதே வாசல் திரையை விலக்கிக்கொண்டு குத்தகைப் பதிவு அதிகாரி முன்னால் வந்து நின்றதாகக் கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை. நீங்கள் போன பிறகு நாலு மாதம் பத்து நாள், புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய முறைப்படி, வீட்டுக்குள்ளேயே இருந்தேன். அந்நிய ஆண் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே போனது என் குரலும் ஒரு தாளும்தான். அவசியத்துக்குப் பேசலாமா என்று பள்ளிவாசல் அஜ்ரத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பேசலாம் என்று அவர் எழுதித் தந்த பிறகுதான் பேசினேன். இந்தக் கடிதத்தை நம் ஊர் மாத ஏட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு எழுதுவதை ஊரும் படிக்கட்டும்.

நம் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது மெல்லிய பூப்போட்ட துணி. வெயில் பட்டால் உள்ளே நடமாடுகிறவர்களின் நிழல் தெரியும். உங்களை அடக்கம் செய்த மறுநாள் அதைக் கழற்றிவிட்டு, தடித்த காடாத் துணியில் புதிதாக ஒன்று தைத்தேன். துக்க வீட்டில் ஊசியை எடுக்கிறாளே என்று வந்திருந்த பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். நான் படித்த கான்வென்ட்டில் தையல் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்து, தரையில் புரளாமல் இரண்டு விரல் உயரம் விட்டுக் கம்பியில் கோத்தேன். திரை கோணலாகத் தொங்கினால் எனக்குச் சோறு இறங்காது என்பது உங்களுக்குத் தெரியாததா?

கை தைத்தது. மனம் ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. "மாரிமுத்துக்குச் சொன்னத செஞ்சிடு, என்ன?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கண்ணை மூடியிருந்தீர்கள். பிறகு திறக்கவேயில்லை.

கோபம்தான், வேறென்ன? வாய்க்கால் மேட்டு ஆறு மா நிலம் என்னைப் பெற்ற அத்தா எனக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தது. பட்டா என் பெயரில். முப்பது வருடமாக அதைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர் மாரிமுத்து. அவர் பெயரைக் குத்தகைதாரர் பதிவேட்டில் ஏற்றிவிடுவதாக, என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். பெயர் ஏறிவிட்டால் அவரை யாரும் வெளியேற்ற முடியாது. என் நிலத்தின் மேல் வாக்குக் கொடுக்க நீங்கள் யார் என்று சண்டை போட்டேன். அது இன்றைக்கும் சரியான கேள்விதான். ஆனால் அந்த டம்ளரை அப்போது கழுவியிருக்க வேண்டியதில்லை.

நீங்கள் போன நாலாவது மாதம் பதிவு விசாரணைக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. வயல்வெளியெங்கும் சிவப்புக் கொடி பறந்துகொண்டிருந்த நேரம். பக்கத்து ஊரில் பெயர் பதியக் கேட்ட குத்தகைக்காரர் ஒருவரை நிலக்காரரின் ஆட்கள் வரப்பிலேயே அடித்துக் கையை முறித்திருந்தார்கள். உங்கள் தம்பி காசிம் வந்து திரைக்கு வெளியே உட்கார்ந்தார்.

"அண்ணி, சொந்தச் சாகுபடின்னு சொல்லிடுவோம். பேரு ஏறிச்சுன்னா நெலம் போச்சு. இப்ப ஆட்சி, சட்டம் எல்லாம் குத்தகைக்காரங்க பக்கம். நீங்க இத்தாவுல இருக்கீங்க, ஒண்ணும் பேச வேணாம். நான் பாத்துக்கிறேன்."

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் நான் பேசாமல் போனதை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள், மச்சான்? அன்று முழுக்க அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் அஜ்ரத்துக்கு எழுதினேன்.

அதிகாரி வந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் கணக்குப்பிள்ளை. மாரிமுத்து நாற்றங்காலிலிருந்து அப்படியே வந்திருந்தார். காசிம் தம்பி சொந்தச் சாகுபடி என்று சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"ஐயா, பட்டாதார் நான்தான். அந்த நெலத்துல சாகுபடி பண்றது மாரிமுத்து. அவர் பேரையே பதிஞ்சுக்குங்க."

உடனே காசிம் தம்பி சொன்னார், "அது எங்க அண்ணி கொரல் இல்லைங்க. சமையலுக்கு நிக்கிற பொம்பள. யாரோ சொல்லிக்கொடுத்திருக்காங்க."

திரையை விலக்கினால் என் முகத்துக்கு நேரே அவரால் அப்படிச் சொல்ல முடியாது. விலக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

அதிகாரி பாவம், என்ன செய்வார்? மாரிமுத்துவிடம் கேட்டார், "நீ அந்தம்மாவப் பாத்திருக்கியா?"

"இல்லீங்க. முப்பது வருசத்துல முந்தானை நுனியக்கூடப் பாத்ததில்ல."

"பின்ன அவங்கதான்னு எப்படிச் சொல்லுவே?"

"என்னைய ஒரு தடவ திட்டச் சொல்லுங்கய்யா, தெரிஞ்சிரும்."

யாரோ சிரித்தார்கள். கேட்டவுடன் திட்டுவதற்கு நான் என்ன கூத்துக்காரியா? அப்போது திரையின் ஓரத்தில் நாலு விரல் தெரிந்தது. பேசும்போது திரையைப் பிடித்துக்கொள்வது மாரிமுத்துவின் பழக்கம். விரலெல்லாம் சேறு. அதுவும் என் புதுத் துணியில்.

"மாரிமுத்து! கைய எடு. தெரையில கை வெக்காதேன்னு எத்தனை வருசமாச் சொல்றேன்? வாய்க்கால்ல தண்ணி ஓடலையா, கை கழுவ?"

"கேட்டுக்கிட்டீங்களாய்யா?" என்றார் மாரிமுத்து.

கணக்குப்பிள்ளையும் சேர்ந்துகொண்டார். "அம்மாவேதாங்க. வெத்தலைய வாசல்ல துப்புனேன்னு போன வருசம் எனக்கும் கெடைச்சுது."

அதிகாரியே சிரித்துவிட்டார். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த வாக்குமூலத்தைத் திரைக்கு அடியில் தள்ளினேன். பழைய பத்திரத்தில் இருந்த என் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்று பதிந்துகொண்டார். மாரிமுத்து அன்றைக்குப் பழக்க தோஷத்தில் திரையைப் பிடித்தாரா, தெரிந்தேதான் பிடித்தாரா? இதுவரை நான் கேட்கவில்லை. உங்கள் மண்ணறைப் பக்கம் வந்து உங்களிடம் சொல்லியிருப்பாரோ என்னவோ.

இத்தா முடிந்து மூன்று வாரமாகிறது. பதிவு நகல் கைக்கு வந்துவிட்டது. குறுவை நட்டாகிவிட்டது, நடவுக்கு ஆட்கள் வந்தார்கள், கலகம் ஒன்றும் இல்லை. காடாத் துணியைக் கழற்றித் துவைத்து மடித்து வைத்துவிட்டு, வெளிர் நீலத்தில் வேறு திரை போட்டிருக்கிறேன். கூடத்தில் வெளிச்சம் வருகிறது. நானும் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நெஞ்சில் இருந்த கனம் இறங்கிவிட்டது, மச்சான். பதில் தாமதமாகத்தான் சொன்னேன், ஆனால் சொல்லிவிட்டேன். நிலத்தைக் கொடுத்துவிட்டாள் என்று பேசுகிறார்கள். கொடுக்கவில்லை. பட்டா என் பெயரில்தான் இருக்கிறது, மாரிமுத்து குத்தகை நெல்லைக் கொண்டுவந்து போடத்தான் போகிறார்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. காசிம் தம்பி அன்றைக்குப் போனவர் இந்தப் பக்கம் வரவில்லை. அவர்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அண்ணன் வீட்டு நிலம் கைவிட்டுப் போகிறதே என்ற பதைப்பில் சொல்லிவிட்டார். ஆனால் என் வீட்டு வாசலில் நின்று என்னை நான் இல்லை என்று சொன்னதை அப்படியே விட எனக்கு மனமில்லை.

நான் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பதிவை யாரும் கலைக்க விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. இந்த முறை என் நிலத்தின் மேல் நானே கொடுப்பது.

காசிம் தம்பி, நீங்களும் இதைப் படிப்பீர்கள். அன்று பேசியது நான்தான் என்று ஒப்புக்கொள்கிறீர்களா, பெருநாளன்று நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறீர்களா? ஆள் மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். இரண்டுக்கும் உங்கள் கையால் பதில் எழுதி அனுப்புங்கள்.

என்றும் உங்கள் மனைவி,
காசிம் தம்பிக்கு அண்ணி,
ஜமீலா