சுவரில் பதினோரு கோடுகள்

நோட்டைத் திறந்ததும் கிரீஸ் வாடை அடித்தது. ஐந்து வருஷமாக டிரங்குப் பெட்டிக்கு அடியில், என் கல்யாண வேஷ்டிக்கும் கீழே கிடந்த நோட்டு. பூச்சி அரித்திருக்கும், வாடையெல்லாம் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. நடுப்பக்கத்தில் உம்முடைய கட்டைவிரல் ரேகை கறுப்பாக அப்படியே இருக்கிறது. "கை படாதேயும் ஓய், கிளாஸுக்குக் கொண்டுபோற நோட்டாக்கும்" என்று அன்றைக்கு உம்மிடம் எரிந்து விழுந்தேன். நீர் கையை அரை டிராயரில் துடைத்துக்கொண்டு சிரித்தீர்.

இது தொலைந்துபோய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தொலையவில்லை. நான்தான் ஒளித்துவைத்தேன். உம்மிடம் அதைச் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

பம்பாய் தாராவியில் தோல் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தொரு வயசு. யுத்த காலம். பட்டாளத்து பூட்ஸுக்குத் தோல் போய்க்கொண்டே இருக்கும். மாட்டுங்காவில் ஒரே அறையில் நாங்கள் பாலக்காட்டுக்காரர்கள் நாலு பேர். காலையில் ரயில் பாலத்தைத் தாண்டி நடந்தே வேலைக்கு வருவேன். சாயங்காலம் ஆறு மணிக்கு கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு மாடியில் சுருக்கெழுத்தும் ஆபீஸ் கடிதம் எழுதுவதும் படித்தேன். நீர் திருநெல்வேலிச் சீமைக்காரர். கிட்டங்கியில் சரக்கு லிப்ட் உம் பொறுப்பு. தோல் கட்டுகளைக் கம்பிக் கயிற்றில் தொங்கவிட்டு மேலே ஏற்றுவதும் கீழே இறக்குவதும் உம்முடைய கை.

நாம் சிநேகமானதே இந்த நோட்டால்தான். சுருக்கெழுத்துப் பழக யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நீர் பேசுவீர், நான் எழுதுவேன். அது ஒலியைப் பிடிக்கிற எழுத்து. தமிழானாலும் பிடிக்கும். முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னவே இது, நான் பேசுனது கோழி கெளறுன மாதிரி கெடக்கு!" என்றீர். திரும்ப வாசித்துக் காட்டினேன். ஒரு சொல் தப்பவில்லை. அசந்துபோனீர். அதற்கப்புறம் தினமும் நீரே வந்து, "ம், எழுதும்வே" என்று எதிரில் உட்கார்ந்துகொள்வீர். ஊரில் உம் கல்யாணத்தன்று பெய்த மழையைப் பற்றியே இதில் நாலு பக்கம் இருக்கிறது.

காலையில் வேலை தொடங்குமுன் நீர் செய்கிற காரியத்தை முதலில் நான் விளையாட்டென்று நினைத்தேன். பழந்துணி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு லிப்டின் கம்பிக் கயிற்றை முழு நீளத்துக்கும் தடவிப் பார்ப்பீர். கயிற்றில் ஒரு கம்பி அறுந்து முனை நீட்டிக்கொண்டிருந்தால் துணி அங்கே மாட்டும். மாட்டிய ஒவ்வோர் இடத்துக்கும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. உமக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தச் சுவர்தான் உம் நோட்டு.

அன்றைக்கு நீர் சொன்னது இதோ இந்தப் பக்கத்தில் தேதியோடு இருக்கிறது, உம் ரேகைக்குப் பக்கத்திலேயே. "அய்யரே, நேத்து ஒம்போது. இன்னிக்குப் பதினொண்ணு. எல்லாம் ஒரு சாண் நீளத்துக்குள்ள. இது தாங்காது. மானேசருக்கு ஒரு காயிதம் எழுதும்."

"வாயால சொல்லிப் பாத்தீரா?"

"சொன்னேன். எழுத்துல குடுங்காரு. எனக்கு எழுத்து ஏது? நீருதான் படிக்கீரே."

படிக்கிறேன் அல்லவா! என் படிப்பைக் காட்ட வேண்டாமா? இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதினேன். முதல் பாராவில் மானேஜருடைய தயாள குணம். இரண்டாவதில் யுத்த முயற்சியில் எங்கள் எல்லோருக்கும் உள்ள பக்தி. இரண்டாம் பக்கத்தின் நடுவில், சரக்குத் தூக்கியின் கயிற்றில் இயற்கையான தேய்மானத்தின் சில அறிகுறிகள் காணப்படுவதாகத் தெரியவருகிறது என்றும், தங்கள் மேலான சௌகரியம்போல் அது கவனிக்கப்படுமாயின் கடமைப்பட்டவர்களாவோம் என்றும் ஒரு வாக்கியம். கிளாஸில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்கிறவன் பட்டிக்காட்டான். கெட்ட செய்தியை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் மரியாதையால் மூட வேண்டும். எனக்கு இது கைவந்துவிட்டது என்று கர்வம் வேறு.

உமக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். நீர் தலையைச் சாய்த்துக் கேட்டீர்.

"எல்லாஞ் சரி. பதினொண்ணு எங்க இருக்கு?"

"அதெல்லாம் போட்டா எடைக்காரன் சீட்டு மாதிரி இருக்கும் ஓய். சில அறிகுறின்னு போட்டிருக்கேன். படிக்கறவாளுக்குப் புரியும்."

"லிப்ட நிறுத்தணும்னு போட்டிருக்கீரா?"

"பெரியவாளுக்கு நாம உத்தரவு போடலாமா? ஜாடையாச் சொல்லியிருக்கேன்."

"பதினொண்ணுன்னு மொதல்ல சொல்லிட்டுப் பொறவு கும்புட்டா ஆவாதாவே?"

"இங்கிலீஷ் லெட்டரைப் பத்தி உமக்கு என்ன ஓய் தெரியும்?" என்று கேட்டேன். நீர் எழுந்து லிப்டுக்குப் போய்விட்டீர். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதே கடிதத்தை அன்று சாயங்காலம் கிளாஸில் பயிற்சியாகவும் கொடுத்தேன். வாத்தியார் எழுந்து நின்று முழுவதையும் உரக்க வாசித்தார். மற்ற பையன்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கீழே சிவப்பு மையில் 'மிக நன்று'. மறுநாள் உமக்கு டீ வாங்கிக் கொடுத்து அந்தச் சிவப்பு மையைக் காட்டினேன். "நல்லாருக்குவே" என்றீர். "மானேசரு என்ன சொன்னாரு?"

மானேஜர் மூலையில் கையெழுத்துச் சுழித்து, கோப்பில் போடச் சொல்லியிருந்தார்.

நாலாம் நாள் கயிறு அறுந்தது. நான் மாடி ஆபீஸில் இருந்தேன். சத்தம் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டு இறங்கும்போது வழக்கமாக மூன்று பேர் கீழே நின்று கையால் தாங்கித் திருப்புவார்கள். அன்றைக்கு நீர், "எல்லாவனும் தள்ளி நில்லுங்கலே, நான் ஒருத்தன் பாத்துக்கிடுதேன்" என்று அவர்களை விலக்கிவிட்டுத் தனியாக நின்றீராம். அவர்கள் அழுதுகொண்டே சொன்னார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே நீர் போய்விட்டீர்.

பாக்டரி இன்ஸ்பெக்டர் விசாரிக்க வருவதற்கு முந்தின நாள் கிட்டங்கிக்கு வெள்ளையடித்தார்கள். உம் கோடுகள் போயின. என் கடிதத்தை இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்தார். அபாயம் என்று இதில் எங்கேயும் இல்லையே என்றார். பிறகு என்னைக் கேட்டார்: எத்தனை கம்பி அறுந்திருக்கிறது என்று அந்த ஆள் உன்னிடம் சொன்னானா?

மானேஜர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஊரில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் என் சம்பளத்தை எதிர்பார்த்துத்தான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த நோட்டு அப்போது என் கோட்டுப் பையில் இருந்தது. நெஞ்சில் அது அழுத்துவது எனக்குத் தெரிந்தது.

"ஞாபகம் இல்லை, சார்" என்றேன்.

மேலே பாரம் தொங்குகையில் அடியில் நின்ற வேலையாளின் கவனக்குறைவே காரணம் என்று முடிவு எழுதினார்கள். அதை டைப் அடித்தவனும் நான்தான். மூன்று கார்பன் நகல், ஒரு பிழை இல்லை.

உம் மனைவி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கிட்டங்கி வாசலுக்கு வந்து நின்றாள். "அய்யரே, இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க." நான் படித்துச் சொன்னேன். இதைவிடப் பெரிய தண்டனை எனக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது.

"அவுகளா? கவனமில்லாத ஆளா அவுக?" அவள் அழக்கூட இல்லை. "சோத்துப் பானைய எறக்கப் போனாக்கூட, துணிய ரெண்டா மடிச்சுப் பிடின்னு சொல்லுதவுக ஆச்சே! அந்தச் சொல்ல மட்டும் எடுக்கச் சொல்லுங்க அய்யரே. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் ஊருக்குப் போய்விட்டாள். வருஷத்துக்கு ஒரு கார்டு யாரையோ கொண்டு எழுதிப் போடுகிறாள். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சொல்லை எடுத்தாச்சா? நானும் பதில் போடுகிறேன். முயற்சிகள் தொடர்ந்து நடைபெற்று வருகின்றன என்று எழுதுகிறேன். பாவி, ஐந்து கார்டுக்கும் அதே பதில்.

அதற்குப் பிறகும் நான் கிளாஸுக்குப் போனேன். ஆனால் பழைய மாதிரி எழுதக் கை வரவில்லை. 'பணிவுடன்' என்று தொடங்கும்போதே, பதினொண்ணு எங்கவே என்று நீர் கேட்பீர். நிறுத்திவிடுவேன். முதல் வரியில் என்ன நடந்தது, எங்கே, எத்தனை. அடுத்த வரியில் என்ன செய்ய வேண்டும். அவ்வளவுதான் எழுத முடிந்தது. "தந்தியா அடிக்கிறாய்?" என்று வாத்தியார் திட்டினார். சிவப்பு மை அதோடு நின்றது. ஆபீஸில் மட்டும் என் காகிதத்துக்கு மதிப்பு ஏறிக்கொண்டே போனது. என் குறிப்பைப் படித்தால் திரும்ப ஆளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை என்று மானேஜரே சொன்னார். கடிதப் போக்குவரத்து முழுவதும் என் மேஜைக்கு வந்தது. புது லிப்டுக்கு எப்படி வேலை செய்ய வேண்டும் என்று ஓர் அட்டை எழுதச் சொன்னார்கள். இந்தி, மராத்தி, தமிழ் மூன்றிலும் எழுதித் தொங்கவிட்டேன். தினமும் காலையில் துணியால் தடவு. மாட்டுகிற ஒவ்வோர் இடத்துக்கும் சுவரில் கோடு போடு. எல்லாம் உம் வேலை. கீழே கையெழுத்து மானேஜருடையது.

இத்தனைக்கும் நடுவில் என்னை உயிரோடு வைத்திருந்தது ஒரே ஒரு சமாதானம். நான் எப்படி எழுதியிருந்தாலும் மானேஜர் லிப்டை நிறுத்தியிருக்க மாட்டார். யுத்த காலம், பட்டாளத்துச் சரக்கு, யார் நிறுத்துவார்? இதைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டேன், கல்யாணம்கூடச் செய்துகொண்டேன்.

நேற்று அதுவும் போயிற்று. காலையில் புது லிப்ட்காரன், சதாராப் பக்கத்து ஆள், துணியும் கையுமாக வந்து நின்றான். "பாபுஜி, ஸாத் தார் டூட் கயா." ஏழு கம்பி அறுந்துவிட்டதாம். நான் நின்றபடியே மூன்று வரி எழுதினேன். லிப்ட் கயிற்றில் ஏழு கம்பி அறுந்திருக்கிறது. இன்று காலை எண்ணியது. கயிறு மாற்றும்வரை லிப்டை நிறுத்த வேண்டும். அதே மானேஜர்தான் வாங்கினார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. படித்தார், ஜன்னலுக்குப் போனார், லிப்டை நிறுத்தச் சொல்லி, "லிப்ட் பந்த் கரோ!" என்று கத்தினார்.

பத்து நிமிஷம் ஆகவில்லை ஓய். பத்தே நிமிஷம்!

எல்லோரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். வீடு வரும் வழியெல்லாம் எனக்குள்ளேயே வாதாடிப் பார்த்தேன்: அன்றைக்கு யுத்தம் இருந்தது, இன்றைக்கு இல்லை, நாடே மாறிவிட்டது. எதுவும் நிற்கவில்லை. நிறுத்தியிருப்பாரா மாட்டாரா என்று இனி யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நான் இரண்டு பக்கத்துக்கு அழகாக மூடிவைத்தேன்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். "என்னத்தைத் தேடறேள்?" என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு எட்டாம் மாசம். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "வேலை போயிடுமோல்லியோ?" என்றாள். போகும் என்றேன். "எழுதுங்கோ. மொதல்ல ஒரு வாய் சாப்ட்டுட்டு எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளே மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

அன்று விசாரித்த அதே இன்ஸ்பெக்டருக்கு எழுத உட்கார்ந்து ஆறு காகிதம் கிழித்தாயிற்று. இத்தனை வருஷம் எழுதிப் பழகியவன், ஆபீஸே மெச்சுகிறவன், எனக்கு நேராக ஒரு வரி வரவில்லை. ஒன்றில் 'நினைவு தவறியதால்' என்று வந்துவிட்டது. இன்னொன்றில் 'அன்றைய சூழ்நிலையில்' என்று வந்தது. சில அறிகுறிகள் என்று எழுதினானே, அந்தப் பையன் சாகவில்லை. இன்னும் என் பேனாவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். பயமாக இருக்கிறது ஓய். நாளைக்கு இன்ஸ்பெக்டர் ஆபீஸ் வாசல்வரை போய்த் திரும்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால்தான் உமக்கு முதலில் எழுதுகிறேன். உம்மிடம் சொன்ன பிறகு திரும்பினால் எனக்குப் போக இடமில்லை.

ஏழாவது காகிதம் முடிந்திருக்கிறது. நோட்டையும் இதோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன். அதைக் கொடுத்துவிட்டால் உம்முடையது என்று என்னிடம் இருக்கப்போவது அந்த எண் ஒன்றுதான். அது என்னை விட்டு எங்கே போகும்?

முன்பு செய்தது போலவே தமிழில் சொல்லிக் காட்டுகிறேன். தலையைச் சாய்த்துக் கேளும்.

'பதினோரு கம்பி அறுந்திருந்தது. விபத்துக்கு நாலு நாள் முன்பு லிப்ட்காரர் எண்ணி என்னிடம் சொன்னார், எழுதவும் சொன்னார். நான் அந்த எண்ணை எழுதவில்லை. நீங்கள் கேட்டபோது ஞாபகம் இல்லை என்று பொய் சொன்னேன். கவனக்குறைவு என்னுடையது. அவர் பெயருக்கு எதிரே இருக்கும் அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும்.'

இந்தத் தடவை முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன். சரியாக இருக்கிறதா, சொல்லும்.